மீனுக்கு அம்மை

வியாழக்கிழமை காலை ஆறு மணி நாற்பது நிமிடம். கீழே மோட்டார் போட்ட சத்தம் கேட்டது. எங்கள் குடியிருப்பில் அது தினமும் ஆறு நாற்பதுக்குத்தான் ஓடும். காபி டம்ளரோடு மீன்தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். மூன்று நாளைக்கு முன் நான் வாங்கி வந்து விட்டிருந்த இரண்டு புது மீன்களில் ஒன்றின் வாலில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் இருந்தன, ரவை சிந்தி ஒட்டிக்கொண்டது போல. ஏதோ தீனித் துகள் என்றுதான் முதலில் நினைத்தேன். மீன் திரும்பியது, புள்ளிகளும் அதோடு திரும்பின. பிறகு அது அடியில் கிடந்த கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு விருட்டென்று மேலே போனது. நான் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில் நான்கு முறை அப்படிச் செய்தது.

தொட்டி என் மகளுடையது. அவள் ஊரில் இல்லை.

அவளுக்குப் பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலையில் சீருடை போட்டுக்கொண்டு, ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை. பதினோரு வாரம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அடையாறில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் மாத்திரை எழுதினார், பேசினார், பொறுமையாக இருங்கள் என்றார். பொறுமை எங்கே கிடைக்கும் என்று அவர் எழுதித் தரவில்லை.

அந்த நாட்களில்தான் இந்தத் தொட்டி வந்தது. என் மனைவி வேலை பார்க்கும் வங்கியில் ஒருவருக்கு டெல்லிக்கு மாற்றலாகி, தூக்கிக்கொண்டு போக முடியாது என்று எங்கள் தலையில் கட்டிவிட்டார். கூடவே எட்டு ஏஞ்சல் மீன் குஞ்சுகள், ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய் நாணயம் அளவு. கூடத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதே என்று நான் அலுத்துக்கொண்டேன். நான்காவது நாள் காலை மகள் தானாக எழுந்து வந்து தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் மீனுக்குத் தீனி போட எழுந்தாள், தண்ணீர் மாற்ற எழுந்தாள், கடைசியில் பள்ளிக்கூடத்துக்கும் எழுந்தாள். எது காரணம் என்று டாக்டருக்குத் தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது அந்த எட்டு மீன்கள்தான்.

இந்த டிசம்பரில் பள்ளியில் ஏற்காட்டுக்கு இரண்டு வார முகாம் அழைத்துப் போனார்கள். போகிறேன் என்று அவளே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், ஒரு நாளைக்கு ஒரு தடவை தீனி, வேறு எதையும் தொடாதீங்க என்று.

திங்கட்கிழமை சாயங்காலம் தேனாம்பேட்டை அலுவலகத்திலிருந்து வரும் வழியில், தி. நகரில் ஒரு மீன் கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஆரஞ்சும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும் ஏஞ்சல் மீன்கள் வேண்டும் என்று அவள் ஒரு தடவை சொன்னது நினைவிருந்தது. திரும்பி வரும்போது பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று இரண்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் பையை அவிழ்த்து, பையில் இருந்த தண்ணீரோடு சேர்த்து அப்படியே தொட்டியில் கவிழ்த்தேன். தண்ணீரைத் தனியாகக் கொட்டத் தோன்றவில்லை. புது இடம், பழகிய தண்ணீர் கொஞ்சம் கூட இருந்தால் அதற்கும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். ஐம்பது வயதில் ஒருவன் இப்படியெல்லாம் நினைப்பான் என்று யாராவது சொன்னால் சிரித்திருப்பேன்.

ஆக, வியாழன் காலை ஆறு நாற்பது. இணையத்தில் தேடலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்று போட்டிருந்தது. நீல மருந்து என்றார்கள், நீல மருந்து வேண்டவே வேண்டாம் என்றார்கள். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, கடைக்காரனிடமே போய்க் கேளுங்கள், மகளிடமும் சொல்லிவிடுங்கள் என்றாள். இரண்டாவதை நான் காதில் வாங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கீழ் வீட்டு மாமி வந்தார். ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர், எங்கள் வீட்டில் தோசை மாவு மிஞ்சினால் அவருக்கும் அவர் வீட்டில் மிஞ்சினால் எங்களுக்கும் போய் வரும். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் தொட்டியின் முன்னால் குனிந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

"இது அம்மைதான். போன வருஷம் குழந்தைக்கு வந்ததே, அதேதான். இதுக்கு மருந்து மாயம்னு ஒண்ணும் பண்ணப்டாது. ஜில்லுன்னு வெச்சுண்டு, வேப்பிலையைப் போட்டுட்டு, பேசாம இருங்கோ. தானா இறங்கிடும். அவளுக்கு எவ்வளவு நன்னா இறங்கித்து, நீங்களே பாத்தேளே."

நான் தலையாட்டினேன். வேறு வழியில்லை. போன வருடம் மகளுக்கு அம்மை என்று மாமியிடம் சொன்னவன் நான்தான்.

பள்ளிக்கும் அதையே எழுதிக் கொடுத்தேன், உறவுக்காரர்களிடமும் அதையே சொன்னேன். அம்மை என்றால் நம் ஊரில் யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள். என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று கேட்க மாட்டார்கள். நோய் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள், போய்விடுவாள் என்பார்கள். ஒரு பெண் காரணம் தெரியாமல் அழுதுகொண்டு ஒரு அறைக்குள் கிடக்கிறாள் என்பதை மூடி வைக்க அதைவிட நல்ல போர்வை எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு அம்மைக்கு அப்புறமான அசதி என்று நீட்டினேன். மாமி எங்கள் நிலைப்படியில் வேப்பிலை செருகினார், தினமும் கதவுக்கு வெளியே ஓர் இளநீர் வைத்துவிட்டுப் போனார். அந்த இளநீரை நானும் மனைவியும்தான் குடித்தோம்.

எனவே இப்போது மாமி அம்மை என்று சொன்னபோது, இல்லை என்று மறுப்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. மறுத்தால் அதையும் மறுக்க வேண்டும். அது மட்டுமில்லை, உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது. ஒன்றும் செய்யாதே, குளிர்ச்சியாக வை, வெளியே சொல்லாதே, தானாகப் போய்விடும். பயந்துபோனவனுக்கு அதைவிட இனிமையான வைத்தியம் ஏது.

அன்று கூடத்தில் ஏசி போட்டேன், மார்கழி மாதத்தில். தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்துத் தொட்டிக்குள் மிதக்க விட்டேன். ஒன்று உருகியதும் அடுத்தது. வாசல் தெருவில் இருந்த மரத்தில் வேப்பங்கொத்து ஒடித்து வந்து மூடியின் மேல் வைத்தேன். நாலைந்து இலைகளைத் தண்ணீரிலும் போட்டேன். ஒரு சிட்டிகை மஞ்சளும். தண்ணீர் வெளிர் மஞ்சளாகக் கலங்கி, மீன்கள் பழைய புகைப்படத்தில் இருப்பவை போலத் தெரிந்தன. மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"மீனுக்கு அம்மையாம், எனக்கு ஜன்னி. நல்ல குடும்பம்."

மாலை ஆறு மணிக்கு மகள் பேசினாள். முகாமில் கால் மணி நேரம் மட்டும் கைப்பேசியைக் கையில் கொடுப்பார்கள். மலையைப் பற்றிச் சொன்னாள், சாப்பாடு காரமே இல்லை என்றாள், பிறகு மீன்களைப் பற்றிக் கேட்டாள். எல்லாம் நல்லா இருக்கும்மா என்றேன். வெள்ளிக்கிழமை பேசியபோது ஒரு படம் அனுப்பச் சொன்னாள். அன்று காலைக்குள் அவளுடைய மீன்களில் நான்கின் துடுப்பிலும் புள்ளி வந்திருந்தது. கைப்பேசியில் தேடி, அக்டோபரில் எடுத்த ஒரு படத்தை அனுப்பினேன். கட்டை விரலை உயர்த்திய குறி ஒன்று பதிலாக வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு குளியலறையில் கொஞ்ச நேரம் நின்றேன்.

சனிக்கிழமை எல்லா மீன்களுக்கும் புள்ளி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. நம்ப முடியாமல் டார்ச் அடித்துப் பார்த்தேன், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வால், துடுப்பு, வயிறு எல்லாம் துடைத்து வைத்தது போல இருந்தன. கீழே ஓடிப் போய் மாமியிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். இனிமேல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று தண்ணீர் விட வேண்டும், முதல் தண்ணீர் நாளைக்கே விடலாம், திங்கட்கிழமை நல்ல நாள் என்றார்.

அம்மை இறங்கியவர்களுக்குத் தலைக்குத் தண்ணீர் விடுவதை நான் பார்த்திருக்கிறேன், எனக்கே விட்டிருக்கிறார்கள். வேப்பிலை போட்ட தண்ணீரை வெயிலில் வைத்து, அது வெதுவெதுப்பானதும் ஊற்றுவார்கள். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மொட்டை மாடியில் நான்கு பக்கெட் தண்ணீரை வெயிலில் வைத்தேன். மத்தியானம் பாதித் தொட்டியை இறைத்துவிட்டு அதை ஊற்றினேன். ஊற்றும்போது எனக்குக் கண் கலங்கியது. மீனுக்குத் தலைக்குத் தண்ணீர் விட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று மனைவி சொன்னாள், அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அது ஒன்றுதான். அன்று மாலை மகளிடம் எல்லாம் நல்லா இருக்கு என்று சொன்னபோது அது பொய்யில்லை என்றே நம்பினேன்.

புதன்கிழமை காலையில் தொட்டியைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். புள்ளி என்று சொல்ல முடியாது. மீன்கள் மேல் உப்பைத் தூவிவிட்டது போல இருந்தது. கண்ணில்கூட இருந்தது. எல்லாம் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் ஓடி வந்தவன் நெஞ்சு போல அடித்துக்கொண்டன. எட்டில் பெரியது, உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்த பெண்மீன், வடிகட்டிக் குழாய்க்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. கையை விட்டுத் தொட்டேன். அசையவில்லை. புது மீன்களில் ஒன்றும் செத்திருந்தது.

மனைவி வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், பையைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மருந்து வாங்கிக்கிட்டு வாங்க, நான் லீவு போடறேன் என்று மட்டும் சொன்னாள்.

நான் மீன் வாங்கிய கடை அந்த நேரத்துக்குத் திறக்கவில்லை. திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள், காலையிலேயே திறக்கும் பழைய கடை ஒன்று இருப்பதாக எதிர் வீட்டு வாட்ச்மேன் சொல்லியிருந்தார். மேன்ஷன் விடுதிகளுக்கு நடுவில், ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய கடை. உள்ளே பச்சை வெளிச்சத்தில் தொட்டிகள், அவற்றுக்கு நடுவில் ஸ்டூலில் லுங்கியோடு ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் மூச்சு வாங்கிக்கொண்டே, மீனுக்கு அம்மை போட்டிருக்கிறது, இறங்கித் திரும்பவும் போட்டுவிட்டது என்றேன்.

அவர் டம்ளரை இறக்கி வைத்தார்.

"இன்னாது?"

முழுவதையும் சொன்னேன். வேப்பிலை, மஞ்சள், ஏசி, ஐஸ் பாட்டில், முதல் தண்ணீர். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை.

"சார், அது அம்மையும் இல்ல, ஆத்தாளும் இல்ல. பூச்சி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. மீன் தோலுக்குள்ள பூந்துகினு சாப்ட்டுகினு கீது. நீ பாக்குற வெள்ளை அது குந்திகினு கீற எடம். நீ ஐஸ் வச்சியே, அது மீனுக்கு வைக்கல நைனா. பூச்சிக்கு ஏசி ரூம் போட்டுக் குடுத்துகினு கீற."

பிறகு அவர் விளக்கினார். ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்று கொழுத்ததும் அது தானாக உதிர்ந்து அடியில் போய் விழும். அங்கே ஒரு கூடு கட்டிக்கொண்டு ஒன்று நூறாகப் பெருகும். அத்தனையும் கூட்டை விட்டு வெளியே வந்து மறுபடி மீனைத் தேடி நீந்தும். அப்படி நீந்தி வரும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மருந்து அதைக் கொல்லும். குளிரில் இதெல்லாம் மெதுவாக நடக்கும், நாள்கணக்கில் இழுக்கும். சூட்டில் அவசர அவசரமாக வெளியே வந்துவிடும். வெளியே வந்தால்தான் சாகும்.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை புள்ளிகள் மறைந்தது, என்று ஆரம்பித்தேன்.

"எறங்கலை சார். கீழ குட்டி போடப் போயிருந்துச்சு."

மாமி கண்ணை மூடிக் கும்பிட்ட ஞாயிற்றுக்கிழமை அது. கடையில் இருந்த இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் இன்னொரு டீ சொன்னார். அது வருவதற்குள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். ஹீட்டர் போட்டுத் தண்ணீரை முப்பது டிகிரிக்குக் கொண்டு போக வேண்டும், ஒரேயடியாக இல்லை, சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம். சூட்டில் தண்ணீரில் காற்று குறையும், அதனால் இன்னொரு காற்று மோட்டார். வடிகட்டியில் இருக்கும் கரியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்தை அது குடித்துவிடும். நீல மருந்து இத்தனை லிட்டருக்கு இத்தனை சொட்டு, விளக்கு போடக் கூடாது. தினமும் குழாய் வைத்து அடிக் கூழாங்கல்லை உறிஞ்சி எடுக்க வேண்டும், கூடுகள் அங்கேதான் இருக்கும். புள்ளி மறைந்தாலும் நிறுத்தக் கூடாது. அந்தக் கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டார்.

சென்னையில் ஹீட்டரா என்று எனக்குத் தோன்றியதை அவரே கண்டுபிடித்துவிட்டார். வெயில் நமக்குத்தான், தொட்டிக்கு இல்லை என்றார். நான் எழுந்து கிளம்பும்போது, புது மீனை ஒரு மாசம் தனி டப்பில் வைத்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது என்று சொன்னார். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது, புது மீனுக்கு ஒரு வலை என்றால் பழைய தொட்டிக்கு வேறு வலை, வலையையும் வெயிலில் காயப் போட வேண்டும். வாங்கின அன்றைக்கு யாரும் இதைக் கேட்க மாட்டார்கள், செத்த பிறகுதான் கேட்பார்கள் என்றார். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. தினமும் பார்க்கிறவர் சொல்கிற மாதிரிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஏசியை அணைத்தோம். வேப்பிலையை எடுத்துப் போட்டோம். மனைவி கரியை எடுத்தாள், நான் ஹீட்டரை மாட்டினேன், குழாய் வைத்து அடியை உறிஞ்சினேன். பக்கெட்டில் வந்த தண்ணீர் வெறும் அழுக்காகத்தான் தெரிந்தது. அதில் எத்தனை ஆயிரம் இருக்கிறதோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். செவுள் அடித்துக்கொள்வதை எண்ணினேன், நிமிடத்துக்கு நூற்றுக்கு மேல். எண்ணி என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை, ஆனால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. மூன்று மணிக்கு இன்னொன்று செத்தது. அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே மனைவி சொன்னாள்:

"ஆறு மணிக்கு அவ பேசுவா. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்."

நானே சொன்னேன். புது மீன் வாங்கியது, பைத் தண்ணீர், புள்ளி, பழைய படம் அனுப்பியது, பெரியது செத்தது. அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் யாரோ சிரித்துக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது.

"ஏம்ப்பா இத்தனை நாள் மருந்து போடலை?"

"அம்மைன்னு நினைச்சோம்மா. மாமிதான்..."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"எனக்குச் சொன்ன மாதிரியா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் அறுந்தது.

போன வருடம் நான் எல்லோரிடமும் என்ன சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம்தான் படுத்திருந்தாள். அந்தப் பக்கம் மாமி அவளுக்காக வேண்டிக்கொண்டது, நான் ஆமாம் மாமி, ஆமாம் மாமி என்றது, எல்லாம் கேட்டிருக்கும். அதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை. அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது சரியில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு அவள் பேசவில்லை. ஆறேகாலுக்கு முகாமுக்குப் பொறுப்பான ஆசிரியையை அழைத்தேன். காலையிலிருந்து தலைவலி என்று அறையில் படுத்திருக்கிறாள், சாப்பிடக் கூப்பிட்டோம், வேண்டாம் என்றாள், ஒன்றும் பயப்படாதீர்கள் என்றார். நன்றி என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை வைத்தேன். கட்டில் ஓரம், கையில் ஷூ, அந்தத் திங்கட்கிழமை. பதினோரு வாரம் ஆனது அதிலிருந்து அவளை எழுப்ப. ஒரு பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு உடனே சேலத்துக்குக் கிளம்புகிறேன் என்றேன். மனைவி கதவின் முன்னால் நின்றாள்.

"நீங்க போனா தொட்டியை யார் பாக்கறது? நாளன்னைக்கு அவ வந்து நிக்கும்போது என்னத்தைக் காட்டுவீங்க?"

பையைக் கீழே வைத்தேன். தண்ணீர் இருபத்தொன்பதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் நான் அலுவலகம் போகவில்லை, யாரோடும் பேசவில்லை. மாமி ஒரு முறை மணி அடித்தார். மனைவி வாசலிலேயே நின்று, அம்மை இல்லையாம் மாமி, ஒட்டுண்ணியாம் என்றாள். அப்படியா, குழந்தைக்கு வந்தது மட்டும் அம்மைதானே என்று மாமி கேட்டார். நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லை மாமி, சாவகாசமாக வந்து சொல்கிறேன் என்று மனைவி சொன்னாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். மாமி சரி என்று சொல்லிப் படி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. ஒரு வருடமாக நான் கட்டிக் காத்தது நாலு வார்த்தையில் போய்விட்டது. கூரை இடிந்து விழவில்லை.

புள்ளிகள் அன்று மத்தியானம் உதிர ஆரம்பித்தன. இந்த முறை எனக்குச் சந்தோஷம் வரவில்லை. உதிர்வது எங்கே போகிறது, போய் என்ன செய்யும் என்று இப்போது தெரியும். மருந்து சரியாக இருக்கிறதா, சொட்டுக் கணக்கில் தப்பு செய்தேனா, கூடிவிட்டால் மீன் போகும், குறைந்தால் பூச்சி போகாது. காலண்டர் தாளை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அடியை உறிஞ்சினேன். தினமும் ஒரு முறை என்றுதான் அவர் எழுதியிருந்தார். மீன்களை இப்படி அலைக்கழிக்காதீர்கள் என்று மனைவி குழாயைப் பிடுங்கி வைத்தாள். சாயங்காலம் இருட்டுவதற்கு முன் அடுத்தடுத்து இரண்டு செத்தன. ஒன்று, கடைசியாக மிஞ்சியிருந்த புது மீன். பத்தில் ஐந்து மிஞ்சின. ஆறு மணிக்கு அழைப்பு வரவில்லை. நான் ஏழு வரைக்கும் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை பள்ளி வாசலுக்கு மகளை அழைத்து வர மனைவிதான் போனாள். நான் வரவில்லை என்றேன். தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகளுக்கு நடுவில் அவள் முகத்தைத் தேட எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் விஷயம். ஐந்து மீன்களும் தொட்டியின் நடுவில் நின்றன. மேலே வரவில்லை. செவுள் அடிப்பது குறைந்தது போல இருந்தது, ஆனால் என் கண்ணை நான் அந்த வாரத்தில் நம்புவதை விட்டுவிட்டேன்.

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. மகள் ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, முதுகுப் பையைக்கூட இறக்காமல் நேராக வந்து தொட்டியின் முன் மண்டியிட்டாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். இருங்கப்பா என்பது போல ஒரு கையைத் தூக்கினாள். ஒவ்வொரு மீனாகப் பார்த்தாள், வால், துடுப்பு, கண். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எத்தனை டிகிரி என்று கேட்டாள். முப்பது என்றேன். கடைசியாக எப்போது செத்தது என்று கேட்டாள். நேற்று சாயங்காலம் என்றேன். மருந்தை இன்னும் பத்து நாளாவது நிறுத்தக் கூடாது என்றாள். எனக்குத் தெரியும், எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள், மீன்களிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வியாழக்கிழமையிலிருந்து மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. நேற்று ஏன் பேசலை என்று மட்டும் கேட்டேன்.

"செத்துப்போச்சுன்னு நீங்க சொன்னதும் அழுதேன். ஒரு நாள் படுத்துக் கெடந்தேன். நேத்து மத்தியானம் எழுந்து சாப்பிட்டேன்ப்பா. சாயங்காலம் கூப்பிடக் கோவமா இருந்துச்சு, அதான் கூப்பிடலை," என்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். "அதுக்கு முன்னாடி ஆறு நாள் எல்லாம் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னீங்களே. உங்க குரல்லயே தெரிஞ்சுதுப்பா. அப்பதான் எனக்குத் தூக்கமே வரலை."